வண்டலூர் உயிரியல் பூங்காவில் பார்வையாளரின் மனநிறைவு எதைப் பொறுத்தது?

வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா இவ்வளவு பெரியதாக இருந்தும் சிலர் ஏன் நிறைவின்றித் திரும்புகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அதன் பரப்பே முதன்மையான காரணம் என்பது என் கருத்து.

1855-இல் சென்னை அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கி, பின்னர் மூர் மார்க்கெட் அருகே நெருக்கமான இடத்தில் இயங்கிவந்த பூங்கா, 1985-இல் வண்டலூரில் திறக்கப்பட்டபோது, கம்பிக் கூண்டுகளுக்குப் பதிலாக அகழி சூழ்ந்த, மரங்கள் அடர்ந்த திறந்தவெளி இருப்பிடங்கள் பல விலங்குகளுக்கு அமைக்கப்பட்டன. இன்று சுமார் 602 ஹெக்டேரில் பரந்துள்ள அங்கே விலங்குகள் ஒதுங்கிக்கொள்ள இடம் உண்டு. ஆகவே உச்சி வெயிலில் புலி புதர் நிழலில் படுத்துவிட்டால், நெடுந்தூரம் நடந்து வந்த குழந்தைக்கு வெறும் புல்தரைதான் தெரியும். இதைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விலங்கின் நலனுக்கு அந்த மறைவு தேவை.

ஆனால் குடிநீரும் நிழலும் இருக்கையும் கழிவறையும் நடைபாதையில் எவ்வளவு தொலைவுக்கு ஒருமுறை கிடைக்கின்றன, பேட்டரி வாகனத்துக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பவை நிர்வாகத்தின் கையில் உள்ளவை. முதியோரும் கைக்குழந்தையோடு வருவோரும் பூங்காவை மதிப்பிடுவது பெரும்பாலும் இவற்றைக் கொண்டே. நீங்கள் செல்வதானால், செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை நினைவில் கொண்டு, வெயில் ஏறுவதற்கு முன், காலையில் திறந்தவுடனேயே செல்லுங்கள்.