ரயில் ஜன்னல் படங்கள்: பிம்பமும் கலங்கலும்
ரயில் ஜன்னல் வழியாக போனில் எடுத்த மலைப் படங்களில் எல்லாம் உங்கள் சட்டை தெரிகிறது, படத்தின் கீழ்ப்பாதி கோடு கோடாக இழுபடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் வேறு வேறு பிரச்சினை. சட்டை தெரிவதற்குக் காரணம் பெட்டிக்குள் இருக்கும் வெளிச்சம். லென்ஸைக் கண்ணாடிக்கு மிக அருகில் கொண்டுபோய், சுற்றிலும் கறுப்புத் துணியாலோ உள்ளங்கையாலோ மறைத்தால் அந்தப் பிம்பம் பெரும்பாலும் போய்விடும், ஆனால் போனைக் கண்ணாடியில் அழுத்தி வைக்காதீர்கள், ரயிலின் அதிர்வு அப்படியே படத்தில் இறங்கிவிடும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். அப்புறம் அந்த இழுபடல்: போன் கேமராவில் ப்ரோ மோடு (அமைப்புகளை நாமே மாற்றும் வசதி) இருந்தால் ஷட்டரை, அதாவது ஒளியை உள்ளே விடும் நேரத்தை, 1/1000 நொடிக்கு வையுங்கள், வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன் அளவை) கூட்டுங்கள், கொஞ்சம் புள்ளி விழுந்தாலும் கலங்கிய படத்துக்கு அது எவ்வளவோ மேல். தண்டவாளத்தை ஒட்டிய புதர் அப்போதும் இழுபடலாம், அதைப் படத்தில் வராமல் வெளியே விட்டுவிட்டு தூரத்து மலைமுகட்டில் ஃபோகஸை நிறுத்துங்கள்.