ஹங்கேரிய மொழியும் ஃபின்னிஷும் ஒரே குடும்பம் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

ஹங்கேரியைச் சுற்றி ஸ்லாவிய மொழிகளும் ஜெர்மனும் ருமேனியனும் இருக்கின்றன. ஃபின்லாந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். வரைபடத்தைப் பார்த்துவிட்டுத்தான் இப்படிக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மொழி உறவைத் தீர்மானிப்பது அக்கம்பக்கம் அல்ல, ஒலிமாற்றத்தின் ஒழுங்குதான்.

மீனுக்கு ஃபின்னிஷில் 'கல', ஹங்கேரியனில் 'ஹல்'. மூன்றுக்கு 'கொல்மெ', 'ஹாரொம்'. அங்கே 'க' வரும் இடத்தில் இங்கே 'ஹ'. ஆனால் கைக்கு 'கேஸி', 'கேஸ்' என்று இரண்டிலுமே 'க' நிற்கிறது. விதி உடைந்துவிட்டதா என்றால், இல்லை. அ, ஒ போன்ற பின்னுயிருக்கு (நாக்கு பின்னால் நின்று ஒலிக்கும் உயிருக்கு) முன்னால்தான் ஹங்கேரியனில் 'க' 'ஹ' ஆகும். எ, இ போன்ற முன்னுயிருக்கு முன்னால் மாறாது. அதேபோல் சொல்லின் முதலில் வரும் 'ப' 'ஃப' ஆகும்: மரம் 'பூ', 'ஃபா', பையன் 'பொய்க்கா', 'ஃபியூ', பாதி 'புவோலி', 'ஃபேல்'. விலக்குக்கும் காரணம் சொல்ல முடிகிற இந்த ஒழுங்கு தற்செயலாக வராது.

இதில் வழுக்கும் இடம் கடன்சொற்கள். ஹங்கேரியனில் மேசை, புதன்கிழமை, வெள்ளிக்கிழமை எல்லாம் ஸ்லாவியச் சொற்கள். ஃபின்னிஷில் அரசனுக்குச் சொல்லும் 'குனிங்காஸ்' பழைய ஜெர்மானியச் சொல். ஆகவே உடலுறுப்பு, எண், நீர், நெருப்பு, வருதல் போதல் போன்ற அடிப்படைச் சொற்களை முதலில் எடுக்க வேண்டும். எண்களிலும் கவனம் தேவை. நூறுக்கான சொல் இரண்டு மொழியிலுமே இந்தோ-ஈரானியப் பக்கத்திலிருந்து வந்தது.

இது நேற்று முளைத்த கருத்தும் அல்ல. வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க 1769-இல் நார்வேயின் வடகிழக்கு முனையில் உள்ள வார்டோவுக்குப் போன ஹங்கேரிய வானியலாளர் யானோஷ் ஷைனோவிச், அங்கே ஃபின்னிஷுக்கு உறவான சாமி (Sámi) மொழியைக் கேட்டு ஹங்கேரியனோடு ஒப்பிட்டு 1770-இல் நூலாக்கினார். சமஸ்கிருதத்துக்கும் கிரேக்கம், லத்தீனுக்கும் உறவு உண்டு என்று வில்லியம் ஜோன்ஸ் பேசியதே 1786-இல்தான்.

ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. 'கல' என்றதும் நம் 'கயல்' என்று யாராவது வருவார்கள். ஒட்டுநிலை மொழி (சொல்லோடு உருபுகளை ஒட்டிக்கொண்டே போகும் மொழி), வேற்றுமை உருபு என்று அடுக்குவார்கள். அது அமைப்பு ஒற்றுமை. துருக்கிய மொழியிலும் பாஸ்க் மொழியிலும் கூட ஒட்டுநிலை உண்டு. கால்டுவெல்லே 1856-இல் திராவிட மொழிகளை ஃபின்னிஷ் போன்ற மொழிகளின் பக்கம் சேர்த்துப் பார்த்தார். பின்னால் வந்த ஆய்வு அதை ஏற்கவில்லை. தமிழின் மதிப்பைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. தமிழுக்குத் தன் குடும்பமே போதுமான பெருமை. ஒரு சொல் ஒத்துப்போவதை வைத்துக் காணொளி போடுபவர்களால்தான் நம் முறையான ஒப்பாய்வையும் வெளியே யாரும் மதிப்பதில்லை.

நீங்களே சரிபார்க்க விரும்பினால் ஃபின்னிஷில் தொடங்காதீர்கள், அது தூரத்துச் சொந்தம். எஸ்டோனியனும் சாமியும் அதன் பக்கத்தவை. ஹங்கேரியனுக்கு நெருக்கமானவை மேற்கு சைபீரியாவில் ஓப் ஆற்றுப் பகுதியில் பேசப்படும் மான்சி, கான்ட்டி (Khanty) மொழிகள். மான்சியில் மீன் 'ஹூல்', மூன்று 'ஹூரும்', கை 'காத்' (இங்கே 'ஆ' பின்னால் வந்த மாற்றம், பழைய வடிவில் அது முன்னுயிர்). மேலே சொன்ன அதே க-ஹ பிரிவு, அதே இடங்களில்.