கர்ப்பகால ஸ்கேன் மையத்தில் நேரம் எங்கே போகிறது? – கேள்வி பதில்

(பதில் அளிப்பவர்: கதிரியக்க மருத்துவர்)

மைய மேலாளர், ஈரோடு: டாக்டர், ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு 15 நிமிடம் போதாதா?

போதாது. இங்கிலாந்தின் தேசியப் பரிசோதனைத் திட்டம் ஒற்றைக் குழந்தைக்கு 30 நிமிடமும் இரட்டையருக்கு 45 நிமிடமும் ஒதுக்கச் சொல்கிறது. மூளை, முகம், இதய அறைகள், பெருநாளங்கள், முதுகெலும்பு, சிறுநீரகங்கள், கை கால்கள் என வரிசையாகப் பார்க்க வேண்டியிருப்பதால், புரோபை (வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் கருவியை) பிடித்திருக்கும் நேரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். மிச்சம் பிடிக்க வேறு இடங்கள் உண்டு. கடைசி மாதவிலக்குத் தேதியையும் பழைய அறிக்கைகளையும் வரவேற்பிலேயே சரிபார்த்துவிடலாம். ஒருவர் படுக்கையில் இருக்கும்போதே அடுத்தவரைத் திரைக்குப் பின்னால் தயாராக வைக்கலாம். குழந்தை முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தால் அது புரளும்வரை காத்திராமல், தாயைச் சற்று நடந்துவிட்டு வரச் சொல்லி அடுத்தவரை அழையுங்கள்.

வரவேற்பாளர், தஞ்சாவூர்: கருவின் பிடரியில் உள்ள நீர்ப்படலத்தை அளக்கும் என்.டி. ஸ்கேனுக்குத் தேதி தவறி வருகிறார்களே?

11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரைதான் அதற்குக் காலம். முன்பதிவின்போதே கணக்கிட்டுத் தேதி கொடுங்கள்.

மகப்பேறு மருத்துவர், சேலம்: ஒவ்வொரு கர்ப்பகால ஸ்கேனுக்கும் சட்டப்படி நிரப்ப வேண்டிய படிவம் 'எஃப்'தான் நேரத்தைத் தின்கிறது. ஒரு கட்டம் விடுபட்டால் குற்றமா?

ஆம். கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைத் தடைசெய்யும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4(3) பிரிவு, பதிவிலுள்ள குறையையே மீறலாகக் கருதுகிறது. மீறல் இல்லையென்று நிரூபிக்கும் பொறுப்பு ஸ்கேன் செய்தவருடையது. மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பின் வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் இதைத் தளர்த்த மறுத்துவிட்டது. முகவரி, பிள்ளைகள் விவரம் போன்றவற்றைத் தாய் காத்திருக்கும்போதே செவிலியர் எழுதிவிடலாம்.

அதே மருத்துவர்: எழுத்துப் பிழைக்கும் பாலினம் சொன்னதற்கும் ஒரே தண்டனையா? நாங்கள் படிவங்களில் காலையிலேயே கட்டாக ஒப்பமிட்டு வைத்துவிடுகிறோம்.

உங்கள் ஆதங்கத்தில் எனக்கும் பாதி உடன்பாடு உண்டு; ஆனால் அந்தப் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். இன்னும் செய்யாத ஸ்கேனில் பாலினத்தைக் கண்டறியவோ தெரிவிக்கவோ இல்லை என்று உறுதி கூறுவது பொய்யுறுதி அல்லாமல் வேறென்ன?

செவிலியர், மதுரை: டாக்டர், எங்கள் மையத்தில் படிவம் எழுதுபவரே டோக்கன் கூப்பிட்டுப் பணமும் வாங்குகிறார்.

விடுபட்ட கட்டங்கள் பிறப்பது அங்கேதான். சேலம் மருத்துவருக்கும் இதையே சொல்வேன்: சட்டத்தோடு மல்லுக்கு நிற்பதைவிட, படிவத்துக்கென்று ஒருவரை அமர்த்துவது மலிவு.

மேலாளர், திருப்பூர்: இங்கிலாந்தைப் போலத் தொழில்நுட்பப் பணியாளரை ஸ்கேன் செய்ய வைக்கலாமா?

கூடாது. இங்கே தகுதிபெற்ற, பதிவுசெய்த மருத்துவரே செய்ய வேண்டும்.

ஒரு தாய்: பனிக்குட நீர் குறைவு என்று அறிக்கையில் இருக்கிறது. என்ன செய்வது, டாக்டர்?

இங்கே காத்திராமல் இன்றே உங்கள் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள், அம்மா.

மைய உரிமையாளர், கரூர்: ஒரு நாளைக்கு எத்தனை ஐந்தாம் மாத ஸ்கேன் பார்க்கலாம்?

முதல் கேள்விக்கான பதிலைப் படித்திருந்தால் நீங்களே கணக்கிட்டிருக்கலாம். 6 மணி நேரத்தில் 12 இடங்கள். குழந்தை புரளாமல் திரும்பி வருவோருக்கு இரண்டை விட்டால் 10. பதினொன்றாவது வேண்டுமென்றால் இன்னொரு மருத்துவரை அமர்த்துங்கள். புரோபில் மட்டும் கை வைக்காதீர்கள்.