3-2 இன்ஜினியரிங்: கடைசி இரண்டு வருஷத்துக்கு யார் பணம் கட்டுவது?

ஈரோட்டிலிருந்து எழுதிய ஐயாவுக்கு, வணக்கம்.

மகளுக்கு ஒஹையோவில் ஒரு சின்ன லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, ஸ்காலர்ஷிப்பும் பரவாயில்லை, '3-2 இன்ஜினியரிங்' என்று ஒரு திட்டம் இருக்கிறதாம், மூன்று வருஷம் அங்கே, இரண்டு வருஷம் கொலம்பியா பல்கலைக்கழகம் மாதிரி பெரிய இடத்தில், முடிவில் இரண்டு டிகிரி. இதில் ஏமாற்று ஏதும் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஏமாற்று இல்லை. பல வருஷமாக நடக்கிற திட்டம்தான். ஆனால் கல்லூரி அதைச் சொல்லும் விதமும் அது நடக்கும் விதமும் ஒன்றாக இருப்பதில்லை.

முதலில் உங்கள் மைத்துனர் கதைக்கு வருகிறேன். 'அமெரிக்கா போயும் ஆர்ட்ஸ் காலேஜா?' என்றாராம். அவர் நம்மூர் ஆர்ட்ஸ் காலேஜை நினைத்துக்கொண்டு பேசுகிறார். ஓபர்லின், கென்யன், கிரினெல், ரீட் போன்ற அமெரிக்க லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளில் மொத்த மாணவர்களே ஆயிரத்துச் சொச்சத்திலிருந்து மூவாயிரம் பேருக்குள்தான். இயற்பியல், கணிதம், வேதியியல் எல்லாம் அழுத்தமாகச் சொல்லித் தருகிற இடங்கள் இவை. முதல் வருஷத்திலேயே லேபில் பேராசிரியர் பக்கத்தில் நிற்பார். இல்லாதது ஒன்றுதான்: இன்ஜினியரிங் துறை. அதை நடத்தும் செலவு பெரும்பாலான சின்னக் கல்லூரிகளுக்குக் கட்டுப்படியாகாது. அதனால்தான் பெரிய பல்கலைக்கழகத்தோடு கைகோர்த்துக்கொள்கிறார்கள். நம்மூரில் 'டூயல் டிகிரி' என்றால் ஐஐடி மெட்ராஸில் ஒரே வளாகத்தில் ஐந்து வருஷம் இருந்து பி.டெக்கும் எம்.டெக்கும் வாங்குவது. இது அப்படியில்லை. இரண்டு கல்லூரி, இரண்டு அட்மிஷன், இரண்டும் இளநிலைப் பட்டம்: சின்னக் கல்லூரியிலிருந்து பி.ஏ. (இயற்பியல் படித்தாலும் பெயர் பி.ஏ.தான், திகைக்க வேண்டாம்), பெரிய இடத்திலிருந்து பி.எஸ்.

கூட்டுச் சேரும் பெரிய இடம் டார்ட்மத் கல்லூரி என்றால் அமைப்பே வேறு. இரண்டு வருஷம் சொந்தக் கல்லூரி, மூன்றாம் வருஷம் டார்ட்மத், நாலாவது வருஷம் திரும்ப வீடு, ஐந்தாவது மறுபடி டார்ட்மத். பெட்டி கட்டுவதற்கே ஒரு தனிப் பட்டம் கொடுக்கலாம்.

இப்போது பணத்துக்கு வருவோம். ஸ்காலர்ஷிப் கடிதத்தை ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தீர்கள். இரண்டாம் பக்கத்தில், கீழே, எட்டு செமஸ்டர் வரை என்று ஒரு வரி, அதை ஒட்டியே 'இந்தக் கல்லூரியில் முழுநேரம் படிக்கும்வரை' என்று ஒரு வரி. உங்கள் கேள்விக்குப் பதில் அந்த இரண்டாவது வரியில் இருக்கிறது. நாலாவது வருஷம் மகள் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனால் இந்த ஸ்காலர்ஷிப் அவளோடு அங்கே வராது. அங்கே புதிதாகக் கேட்க வேண்டும், வெளிநாட்டு மாணவருக்கு அது கிடைக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்காலர்ஷிப் போக வருஷத்துக்கு 22,000 டாலர் நீங்கள் கட்டுகிறீர்கள் என்றால் மூன்று வருஷத்துக்கு 66,000. கொலம்பியா மாதிரி இடத்தில் கட்டணம், தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்ந்து வருஷத்துக்கு 80,000 டாலரைத் தாண்டும். இரண்டு வருஷத்துக்குக் குறைந்தது 1,60,000. டாலர் 85 ரூபாய் என்று வைத்தாலே 1 கோடியே 36 லட்சம். முதல் மூன்று வருஷத்தின் மொத்தச் செலவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல், கடைசி இரண்டு வருஷத்தில் மட்டும். பேங்க் லோன் போடுகிறவர்கள் முதல் வருஷத் தொகையை நான்கால் பெருக்கிக் கேட்கிறார்கள். நீங்கள் அப்படிக் கேட்டால் நாலாவது வருஷம் நடுவழியில் நிற்பீர்கள்.

அடுத்தது பாடங்கள். முதல் செமஸ்டரிலேயே கால்குலஸ் தொடங்கியாக வேண்டும். அது முடிந்து இரண்டாவது கால்குலஸ், அப்புறம் பல மாறிகள் கால்குலஸ், அப்புறம் டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன்ஸ். கூடவே கால்குலஸ் சார்ந்த இயற்பியல் இரண்டு செமஸ்டர், லேபோடு வேதியியல், ஒரு புரோகிராமிங் பாடம். கெமிக்கல் இன்ஜினியரிங் என்றால் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியும் வரும். இதெல்லாம் போக, அந்தக் கல்லூரியின் பொதுப் பாடங்களையும் ஒரு மேஜரையும் (முதன்மைப் பாடம்) நாலு வருஷத்துக்குப் பதில் மூன்றே வருஷத்தில் முடிக்க வேண்டும். சின்னக் கல்லூரியில் சில உயர்நிலை இயற்பியல் பாடங்கள் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம்தான் நடக்கும். ஒன்று தவறினால் அடுத்தது இரண்டு வருஷம் கழித்து.

கரூர்ப் பையன் ஒருவன் என்னிடம் ஆலோசனைக்கு வந்து 3-2 என்று சொல்லித்தான் போனான். முதல் வருஷம் வேதியியலை 'அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிவைத்தான். அடுத்த வருஷம் வேதியியல் லேபும் இயற்பியல் லேபும் ஒரே செவ்வாய்க்கிழமை மதியம். முடிந்தது கதை. நாலு வருஷம் அங்கேயே இருந்து இயற்பியல் முடித்தான், பிறகு மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கில் எம்.எஸ். சேர்ந்தான். இப்போது அவனைக் கேட்டால் '3-2 போகாததே நல்லது சார்' என்கிறான். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

என்னிடம் 3-2 என்று சொல்லிச் சேர்ந்தவர்களில் பெரும்பாலானோர் கடைசியில் போகவில்லை. சிலருக்கு மார்க் போதவில்லை, சிலருக்குப் பணம். நிறையப் பேருக்குக் காரணம் வேறு: மூன்று வருஷம் பழகிய நண்பர்கள் ஒன்றாகக் கடைசி வருஷம் படிக்கும்போது, இவர்கள் மட்டும் தெரியாத ஊரில் மூன்றாம் வருஷ மாணவராக ஆரம்பிக்க வேண்டும். பதினெட்டு வயதில் இது பெரிதாகத் தெரியாது. இருபத்தொன்றில் தெரியும்.

அட்லாண்டாவில் மோர்ஹவுஸ், ஸ்பெல்மன், கிளார்க் அட்லாண்டா கல்லூரிகள் சேர்ந்து 1969 முதல் ஜார்ஜியா டெக்குடன் இந்தத் திட்டத்தை நடத்தி வருகின்றன. அங்கே அதற்கென்றே தனி அலுவலகம் உண்டு, கூட்டமாகச் சேர்ந்து போகிறார்கள். உங்கள் மகள் போகும் கல்லூரியில் அது ஓர் இயற்பியல் பேராசிரியரின் கூடுதல் வேலையாக இருக்கலாம். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

வேலை விஷயம். எஃப்-1 விசாவில் படித்து முடித்ததும் ஓபிடி என்று 12 மாதம் வேலை பார்க்கலாம், அறிவியல்-தொழில்நுட்பப் பட்டம் என்றால் மேலும் 24 மாதம் கிடைக்கும். இது ஒவ்வொரு பட்ட நிலைக்கும் ஒரு தடவை. 3-2 தரும் இரண்டு பட்டமும் ஒரே நிலை, அதனால் ஒரே தடவைதான். இயற்பியல் பி.ஏ., அதன் பிறகு எம்.எஸ். என்று போனால் இரண்டு நிலை, இரண்டு வாய்ப்பு. விதிகள் அடிக்கடி மாறுகின்றன, அந்த நேரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மகளுக்குச் சிவில்தான் ஆசை, அங்கேயே லைசென்ஸ் வாங்கிப் பாலம் கட்ட வேண்டும் என்றால் மட்டும் என் பேச்சைக் கொஞ்சம் மாற்றிக்கொள்வேன். அந்த லைசென்ஸுக்கு 'ஏபெட்' (இன்ஜினியரிங் படிப்புகளின் தரம் பார்க்கும் அமைப்பு) அங்கீகாரம் பெற்ற இளநிலைப் பட்டம் இருந்தால் பாதை நேராக இருக்கும், 3-2 அதைத் தரும்.

சின்னக் கல்லூரியும் வேண்டும், இன்ஜினியரிங்கும் வேண்டும், ஊர் மாறவும் கூடாது என்றால் ஸ்வார்த்மோர், லஃபாயெட், ஹார்வி மட் போன்ற இடங்களில் இன்ஜினியரிங் உள்ளேயே இருக்கிறது. பெண்கள் கல்லூரியான ஸ்மித்தில் 2004-லேயே முதல் இன்ஜினியரிங் பேட்ச் வெளியே வந்துவிட்டது. இந்த வருஷம் அவற்றுக்கு விண்ணப்பிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். சரி, விடுங்கள்.

மே 1-க்குள் டெபாசிட் கட்ட வேண்டும். நம் ப்ளஸ் டூ ரிசல்ட்டே அதற்குள் வந்திருக்காது. அதனால் இந்த வாரமே கல்லூரிக்கு ஒரு மெயில் போக வேண்டும். அதில் கேட்க வேண்டியவை இவை: கடந்த ஐந்து வருஷத்தில் உண்மையில் எத்தனை பேர் பார்ட்னர் கல்லூரிக்குப் போனார்கள், அதில் வெளிநாட்டு மாணவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு அங்கே உதவித்தொகை கிடைத்ததா, குறிப்பிட்ட மார்க் எடுத்தால் இடம் உறுதியா இல்லை போட்டிதானா, பி.ஏ. பட்டம் நாலாவது வருஷ முடிவில் கையில் வருமா இல்லை இரண்டும் ஐந்தாம் வருஷம் சேர்த்துத்தான் தருவார்களா. எண்ணைக் கேட்டதற்கு எண்ணில் பதில் வராமல், பார்ட்னர் கல்லூரிப் பெயர்ப் பட்டியல் மட்டும் வந்தால், அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பதில் வரும்வரை மகளிடம் ஒன்று கேட்டு வையுங்கள்: இன்ஜினியரிங் என்ற பேச்சே இல்லாவிட்டாலும் அந்தக் கல்லூரியில் நாலு வருஷம் இயற்பியல் படிக்கச் சம்மதமா? ஆம் என்றால் தாராளமாக டெபாசிட் கட்டலாம். முகம் சுருங்கினால் சனிக்கிழமை என்னைக் கூப்பிடுங்கள்.

மெயிலை மகளையே எழுதச் சொல்லுங்கள். உங்கள் பெயரில் போனால், 'மாணவியோடு நேரடியாகப் பேசுகிறோம்' என்று பணிவாக ஒரு வரி திரும்பி வரும், அதற்குள் நாலு நாள் போய்விடும்.