மங்கு, இளவெயில், உள்ளங்கால்: தோல் பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: வயது 38, மாநிறம். இரண்டு வருடமாகக் கன்னத்தில் மங்கு. தினமும் காலையில் எஸ்.பி.எஃப் 50 சன்ஸ்கிரீன் போடுகிறேன், மறையவில்லை. ‘இதெல்லாம் வெள்ளைக்காரங்களுக்குச் செஞ்சது, நம்ம தோலுக்கு எதுக்கு?’ என்கிறார் மாமியார். சரியா?
– வாசகி, நாமக்கல்

பதில்: பாதி சரி. தோலுக்கு நிறம் தரும் மெலனின் நம் தோலில் அதிகம். அதனால் ஆஸ்திரேலியாவில் வெள்ளையர்களுக்கு வருவதுபோல் வெயிலில் சிவந்து உரிவதும், வெயிலால் வரும் புற்றுநோயும் நமக்குக் குறைவு. ஆனால் மங்கு என்பதே அந்த மெலனின் அளவுக்கு மீறிச் சுரப்பதுதான். அதைத் தூண்டுவது புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமும்கூட. சாதாரண சன்ஸ்கிரீன் இந்த வெளிச்சத்தைத் தடுக்காது. தோல் நிறத்திலேயே வரும் ‘டின்டட்’ வகை வாங்குங்கள். சேர்மானப் பட்டியலில் அயர்ன் ஆக்சைடு இருக்க வேண்டும்.

அடுத்தது அளவு. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை நீளமாகப் பிதுக்கினால் வருவதுதான் முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்துத் தேவையான அளவு. பலரும் பட்டாணி அளவு எடுத்துத் தேய்க்கிறார்கள். டியூபில் 50 என்று போட்டிருந்தாலும் அப்போது தோலுக்குக் கிடைக்கும் வெயில் பாதுகாப்பு அதில் சிறு பகுதிதான். மொத்தமாகப் பூசினால் திட்டுத்திட்டாக நிற்கும்; ஒரு தடவைக்கு ஒரு விரல் அளவு என்று இரண்டு தடவையாகப் பூசுங்கள். கிளம்புவதற்கு 15 நிமிடம் முன்பு போட்டு, வெளியில் இருக்கும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும். வியர்வையைத் தேய்த்துத் துடைக்காமல் ஒற்றி எடுங்கள். பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடி மூடியிருந்தாலும் புற ஊதாக் கதிரில் ஒரு வகையான யு.வி.ஏ உள்ளே வரும்.

எலுமிச்சைச் சாறு தடவிக்கொண்டு வெயிலில் போகவே கூடாது. அதிலுள்ள ஃபுரானோகுமரின் என்ற வேதிப்பொருள் மேல் யு.வி.ஏ பட்டால் தோல் பொசுங்கி, சாறு வழிந்த கோட்டிலேயே கருந்தடம் விழும். இதைவிட எனக்குக் கவலை தருவது, மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு கலந்த கிரீம்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்ற பெயர்கள் டியூபில் இருக்கின்றனவா என்று பாருங்கள். முதலில் முகம் வெளுக்கும். போகப்போகத் தோல் மெலிந்து ரத்தக்குழாய் தெரியும், நிறுத்தினால் எரியும். ஏற்கெனவே பூசிக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் டியூபையே கொண்டுபோய்க் காட்டுங்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடுவதாக இருந்தால் அதையும் சொல்லுங்கள், அதுவும் மங்கைக் கூட்டும்.

கேள்வி: அப்பா தினமும் காலை 7 மணி இளவெயிலில் நடக்கிறார். இருந்தும் ரிப்போர்ட்டில் விட்டமின் டி குறைவு. எப்படி?
– வாசகர், மதுரை

பதில்: விட்டமின் டி உண்டாக, புற ஊதாக் கதிரில் இன்னொரு வகையான யு.வி.பி வேண்டும். சூரியன் தாழ்ந்திருக்கும்போது வெளிச்சம் காற்றுமண்டலத்தில் சாய்வாக நெடுந்தூரம் வருவதால் யு.வி.பி வழியிலேயே வடிந்துவிடுகிறது. நிழலைப் பாருங்கள்: உங்களைவிட நீளமாக இருந்தால் பலன் சொற்பம். நிழல் குட்டையானபின் முகத்தை மறைத்து, கை கால்களில் 20 முதல் 30 நிமிடம் வெயில் படட்டும். வாரத்தில் மூன்று நான்கு நாள். சித்திரை, வைகாசியில் வயதானவர்களுக்கு உச்சிவெயில் வேண்டாம், 10 மணி வாக்கில் முடித்துக்கொள்ளலாம். ஏற்கெனவே குறைந்துவிட்டதை ஈடுகட்ட டாக்டர் சொல்லும் மாத்திரையும் தேவைப்படும்.

லண்டனில் இருக்கும் உறவினர்களுக்கு இந்த யோசனை செல்லாது. அங்கே அக்டோபரிலிருந்து மார்ச் தொடக்கம்வரை போதுமான யு.வி.பி கிடையாது. தெற்காசியர்கள் ஆண்டு முழுவதும் தினம் 10 மைக்ரோகிராம் விட்டமின் டி எடுப்பது பற்றி யோசிக்கலாம் என்பது அந்நாட்டுச் சுகாதாரத் துறையின் ஆலோசனை.

கேள்வி: கறுத்த தோலுக்குத் தோல் புற்றுநோய் வராதாமே?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: அபூர்வம்தான், ஆனால் வரும். பாடகர் பாப் மார்லிக்கு 1977இல் கால்விரல் நகத்தடியில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. 1981இல் 36 வயதில் இறந்தார். அந்த வகைக்கும் வெயிலுக்கும் சம்பந்தமில்லை, சன்ஸ்கிரீன் அதைத் தடுக்காது. மாதம் ஒருமுறை உள்ளங்கால், உள்ளங்கை, நகங்களை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ஒரே நகத்தில் புதிதாக வந்த கறுப்புக் கோடு அகலமாகிக்கொண்டே போனாலோ, நகத்தைச் சுற்றிய தோலுக்கும் கறுப்பு பரவினாலோ, பழைய தீக்காயத் தழும்பில் புண் வந்து ஆறாமல் இருந்தாலோ, களிம்பு போட்டுப் பார்த்துக்கொண்டிருக்காமல் அந்த வாரமே தோல் மருத்துவரிடம் போங்கள்.