நட்ட கடுபுல் (இரவில் பூக்கும் நிஷாகந்திக் கள்ளி) துண்டின் அடி கறுத்து அழுகினால்

அழுகிய பகுதிக்கு இரண்டு அங்குலம் மேலே, உள்ளே சுத்தப் பச்சை தெரியும்வரை, தீயில் காட்டிய கத்தியால் வெட்டுங்கள். பழுப்புக் கோடு தெரிந்தால் இன்னும் மேலே வெட்ட வேணும்.

முதலில் துண்டை வெட்டின அன்றே நட்டுத் தண்ணீர் ஊற்றியதுதான் அழுகலுக்குக் காரணமாக இருக்கும். கொழும்பு ஈரக்காற்றில் வெட்டுக்காயம் ஆற ஒரு கிழமையாவது வேணும். நிழலில் வையுங்கள், வெட்டுமுகம் தடவினால் தோல்போலக் காய்ந்திருக்க வேணும்.

பிறகு தும்புத்தூள், பருமணல், சிரட்டைக்கரித் துண்டுகள் சம அளவில் கலந்து, ஒன்றரை அங்குலம் மட்டும் புதையுங்கள். வெறும் தும்புத்தூள் வேண்டாம், நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முதல் தண்ணீர் ஐந்தாறு நாள் கழித்து.

நாலாவது கிழமை மெல்ல இழுத்துப் பாருங்கள். பிடித்துக்கொண்டால் வேர் விட்டுவிட்டது. தலைகீழாக நட்டால் சரிவராது. பூவுக்கு இரண்டு மூன்று வருடம் பொறுக்கத்தான் வேணும்.