அன்று சீந்தாத ரெகார்டுக்கு இன்று மவுசு

(மும்பை மாட்டுங்காவில் ரெகார்டு, கேசட் கடை நடத்தி, இப்போது பழைய ப்ளேயர்களைப் பழுதுபார்ப்பவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: சரண்ஜித் சிங் என்ற மும்பைக்காரர் 1982-லேயே ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற மின்னணு நடன இசையைக் கண்டுபிடித்துவிட்டார் என்று என் மகன் அடித்துச் சொல்கிறான். அந்த ரெகார்டை அப்போது யாரும் சீந்தவில்லையாமே, உண்மையா அண்ணா?
– வாசகி, செம்பூர்

ரெகார்டு இருந்தது உண்மை. சீந்தாததும் உண்மை. ‘கண்டுபிடித்தார்’ என்கிறான் பாருங்கள், அதில்தான் எனக்கு வழக்கு.

சரண்ஜித் சிங் இந்திப் படங்களுக்கு வாசித்துப் பிழைத்த ஸ்டுடியோ கலைஞர். சிங்கப்பூரிலிருந்து ரோலண்ட் கம்பெனியின் புதுச் சரக்கு மூன்றை வாங்கி வந்தார்: ஜூபிடர்-8 சிந்தசைசர் (மின்னணு கீபோர்டு), டிஆர்-808 ட்ரம் மெஷின், கீழ் ஸ்தாயியில் ஒலிக்கும் டிபி-303 என்ற சின்ன பேஸ் மெஷின். ஊரே டிஸ்கோ பைத்தியம் பிடித்துத் திரிந்த நேரம். 1980-ல் ‘குர்பானி’ படம், அடுத்த வருடம் பாடகி நாசியா ஹசனின் ‘டிஸ்கோ தீவானே’ ஆல்பம். இவர் பத்து ராகங்களை எடுத்து டிஸ்கோ தாளத்தில் ஏற்றினார். ‘சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’ என்று எச்.எம்.வி. எல்.பி.யாகப் போட்டது.

ராகப் பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம். மால்கௌன்ஸ் நம் ஹிந்தோளம். பூபாலி மோகனம், கலாவதி வலஜி, பைராகி ரேவதி. தோடி மட்டும் நம் தோடி இல்லை, சுபபந்துவராளிக்குக் கிட்டே வரும். சண்முகானந்தா ஹாலில் கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு இதில் அந்நியமாக எதுவும் இல்லை.

டிபி-303-ஐப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் கிடைக்காதவர்களுக்குத் துணையாக ரோலண்ட் செய்த பெட்டி அது. பேஸ் கிட்டார் மாதிரி ஒலிக்கவே ஒலிக்காது. ஸ்வரங்களைத் தனியாக ஏற்ற வேண்டும், எது எப்போது விழ வேண்டும் என்பதைத் தனியாக ஏற்ற வேண்டும். பொறுமை சோதிக்கும். ஆனால் அதில் ‘ஸ்லைடு’ என்று ஒரு வசதி உண்டு. போட்டுவிட்டால் ஒரு ஸ்வரம் அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போகும். மேற்கத்திய பேஸ் வாசிப்புக்கு அது ஓர் அலங்காரம், அவ்வளவுதான். ராகம் வாசிக்கிறவனுக்கு அதுதான் உயிரே. 808-ன் ட்ரம் மாறாமல் தட்டிக்கொண்டிருக்க, 303 கீழே வழுக்கி வழுக்கி ஓட, மேலே ஜூபிடர் ஆலாபனை மாதிரி அலையும். ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள்.

ஏன் போணியாகவில்லை? நான் அப்போது கடைப்பையன். ரெகார்டு வாங்க வருகிறவர் அட்டையைத் திருப்பிப் பார்த்துக் கேட்கிற முதல் கேள்வி, “யார் பாடினது?” இதில் யாரும் பாடவில்லை. ஆட வந்தவருக்குப் பாட்டு இல்லை. சாஸ்திரிய சங்கீதக்காரருக்கு அட்டையில் டிஸ்கோ என்று பார்த்ததுமே முகம் கோணிவிடும். எந்த வரிசையில் வைப்பது என்று கடைக்காரனுக்கே தெரியாத சரக்கு எப்படி விற்கும்?

303-ம் விற்கவில்லை. 1984-லேயே ரோலண்ட் அதை நிறுத்திவிட்டது. செகண்ட் ஹேண்டில் மலிவாக வாங்கிய சிகாகோ பையன்கள் சிலர் அதன் திருகுகளை இஷ்டத்துக்குத் திருகி, ஃபியூச்சர் என்ற பெயரில் 1987-ல் ‘ஆசிட் ட்ராக்ஸ்’ வெளியிட்டார்கள். ஆசிட் ஹவுஸ் அங்கே பிறந்தது. 2010-ல் ‘பாம்பே கனெக்‌ஷன்’ என்ற டச்சு நிறுவனம் சிங்கின் ரெகார்டை மறுபதிப்பு செய்தபோது, அதே சத்தம் ஐந்து வருடம் முன்னாலேயே இங்கே இருந்திருக்கிறதே என்று உலகமே வாயைப் பிளந்தது. எழுபது வயதுக்கு மேல் மனிதர் ஐரோப்பாவுக்குப் போய் மேடையில் வாசித்தார். 2015-ல் மும்பையிலேயே காலமானார்.

அவர் ராகம் வாசிக்கத்தான் உட்கார்ந்தார். ஆசிட் ஹவுஸ் என்ற பட்டத்தை நாம்தான் கொண்டுபோய் ஒட்டினோம். அந்தச் சீட்டு இல்லாமல் அந்த ரெகார்டை ரசிக்க முடியாதா என்று மகனிடம் கேளுங்கள்.

கேள்வி: வெளிநாட்டில் பத்திரிகைகள் மட்டம் தட்டி, பிறகு தலையில் தூக்கி வைத்த ஆல்பம் ஏதாவது உண்டா?
– வாசகர், டோம்பிவிலி

ஏகப்பட்டது. பிளாக் சபாத் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் முதல் ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய ஒரே நாளில் பதிவு செய்தது. 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளிவந்தது. ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகையில் விமர்சகர் லெஸ்டர் பேங்ஸ் கிழித்துத் தொங்கவிட்டார். இன்று ஹெவி மெட்டல் என்ற அதிரடி ராக் இசை அங்கேதான் தொடங்கியது என்று அதே பத்திரிகை உலகம் சொல்கிறது. ஆனால் ஜனங்கள் அன்றைக்கே வாங்கினார்கள். பிரிட்டனில் முதல் பத்துக்குள் வந்துவிட்டது. ஆகவே இது விமர்சகர் சறுக்கிய கதை. ரசிகர்மேல் பழி போடாதீர்கள்.

யாருமே வாங்காமல் போனதற்கு ஆங்கிலேயப் பாடகர் நிக் டிரேக்கின் ‘பிங்க் மூன்’, 1972. ஒரு குரல், ஒரு கிட்டார், முதல் பாட்டில் மட்டும் கொஞ்சம் பியானோ. அரை மணி நேரம்கூட ஓடாது. அவர் 26 வயதில் 1974-ல் இறந்துபோனார். 1999-ல் வோக்ஸ்வாகன் கார் விளம்பரத்தில் ‘பிங்க் மூன்’ பாட்டு வந்த பிறகுதான் விற்பனை எகிறியது. கார் விளம்பரம்! எனக்கு இன்றைக்கும் இது ஜீரணமாகவில்லை.

கேள்வி: ரஹ்மான் பாட்டு கேட்கக் கேட்கத்தான் பிடிக்கும் என்கிறார்கள். அதுவும் இந்தக் கணக்கில் சேருமா?
– வாசகர், சயான்

சேராது சார். அது ரெண்டு வாரத்தில் பிடித்துப்போகிற கணக்கு. ‘இருவர்’ படம் 1997-ல் ஓடவில்லை, பாட்டுகள் ஓடின. படத்தைத்தான் பிறகு கொண்டாடினார்கள்.

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து ராப் ஆல்பம் போட்டோம். எங்கள் தெருவைத் தாண்டி யாரும் கேட்கவில்லை. ஒருநாள் எங்களுக்கும் மவுசு வருமா?
– கல்லூரி மாணவர், தாராவி

தம்பி, ஆசை காட்டி மோசம் செய்ய மாட்டேன். கடையை மூடியபோது தேங்கிய கேசட்டுகளை எடைக்குப் போட்டேன். அதில் ஒன்றைக்கூடத் தேடிக்கொண்டு இன்றுவரை யாரும் வரவில்லை. ஓடாததில் பெரும்பாலானது ஓடாமல் போனதற்குக் காரணம் இருக்கும்.

ஆனால் ஒன்று. திரும்பி வந்தவை எல்லாம் எங்கேயோ பத்திரமாகக் கிடந்தவை. வங்காளப் பாடகி ரூபா பிஸ்வாஸ் 1982-ல் கனடாவின் கால்கரியில் ‘டிஸ்கோ ஜாஸ்’ பதிவு செய்தார். சரோட் என்ற தந்தி வாத்தியம் வாசித்தது ஆஷிஷ் கான். விற்கவில்லை, ஊர் மறந்தே போனது. பல வருடம் கழித்து ‘ஆஜ் ஷனிபார்’ என்ற பாட்டு யூட்யூபில் பற்றிக்கொண்டது. 2019-ல் நியூமரோ என்ற அமெரிக்க நிறுவனம் ஆல்பத்தையே மறுபதிப்பு செய்தது. ஆகவே உங்கள் பாட்டின் ஒரிஜினல் ஃபைல்களை, குரல் தனி, பீட் தனியாக, இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு இரண்டு வீட்டில் வையுங்கள். ஃபோனை மட்டும் நம்பாதீர்கள். எனக்கும் ஒரு லிங்க் அனுப்புங்கள்.

கேள்வி: அப்பா விட்டுப்போன எல்.பி.க்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. நல்ல விலை வருமா?
– வாசகி, முலுண்ட்

ஹிட் படப் பாட்டு ரெகார்டுகள் வீட்டுக்கு வீடு இருப்பதால் பெரிதாகப் போகாது. அன்று விற்காமல் போனவற்றுக்குத்தான் இன்று கிராக்கி. பெயர் தெரியாத வாத்திய இசை, தனி ஆல்பம் எல்லாவற்றையும் முதலில் தனியாக எடுத்து வையுங்கள். இசைத்தட்டை ட்யூப்லைட்டுக்குச் சாய்த்துப் பாருங்கள். நகத்தில் தட்டுப்படும் கீறல் இருந்தால் விலை பாதிக்கு இறங்கும். அட்டை கிழியாமல் இருப்பதும் முக்கியம். நம் ஊர் மழைக்குப் பூஞ்சணம் பிடிக்கும், ஆகவே டிரங்குப் பெட்டியில் அடுக்காமல் அலமாரியில் நிமிர்த்தி வையுங்கள். காலாகோடாவில் இருந்த பெரிய ரெகார்டு கடை ரிதம் ஹவுஸே 2016-ல் மூடியாயிற்று. இனி பழைய பொருள் சந்தையான சோர் பஜார்தான். அங்கே போனால் முதலில் அவர்களை விலை சொல்லவிடுங்கள்.